ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாத பழுது

(பட்டறைத் தொழிலாளர்களும் கார் உரிமையாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



விபத்தில் அடிபட்ட காரில் ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் எப்படிச் சரிசெய்வது, அதைவிட, எப்படிச் சரிசெய்யக் கூடாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பிரேக் வேலை பார்த்தால் முடிந்ததும் என்ன செய்கிறோம்? ஒரு ரவுண்டு ஓட்டி, நாலு தடவை மிதித்துப் பார்க்கிறோம். ஏசிக்கு கேஸ் ஏற்றினால்? கையை முன்னால் நீட்டிப் பார்க்கிறோம். டிங்கரிங் முடிந்தால் வெயிலில் நிறுத்திச் சாய்ந்து பார்க்கிறோம். ஏர்பேக் மாற்றினால் எதை வைத்துச் சோதிப்பீர்கள்? சுவரில் கொண்டுபோய் மோதியா பார்க்க முடியும்?

முடியாது. அந்த வேலை சரியா தவறா என்பது அடுத்த விபத்தில்தான் தெரியும். அப்போது உள்ளே இருப்பவர் வேலை செய்த மெக்கானிக் இல்லை, பணம் கொடுத்த முதலாளியும் அநேகமாக இல்லை. அந்த வண்டியை மூன்றாம் கையாக வாங்கிய யாரோ ஒரு ஆசிரியர், யாரோ ஒரு நர்ஸ், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாத வேலை இது. இதில் நடக்கிற தவறுகள் எல்லாமே அங்கேதான் பிறக்கின்றன.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2021 முடிவதற்குள் முன் சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கட்டாயமாகிவிட்டது. அந்த வண்டிகள்தான் இப்போது வரிசையாகச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் எத்தனை வண்டி ஒருமுறை அடிபட்டு எழுந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். இவை நடந்த பிறகு எத்தனை ஆயிரம் வண்டிகள் நம் பட்டறைகளுக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மோதுகிற அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? இது தெரிந்துவிட்டால் நான் பிறகு சொல்லப்போவது எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் போகிற கார் நேராக ஒரு சுவரில் மோதுகிறது. ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மில்லி நொடி. கண் இமைக்கவே நூறு மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஆனால் முன்பக்கத்து சென்சாரும், நடுவில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிற கன்ட்ரோல் யூனிட்டும் பதினைந்து, இருபது மில்லி நொடியில் முடிவெடுத்துவிடுகின்றன: இது பள்ளத்தில் இறங்கிய குலுக்கல் இல்லை, மோதல். உடனே பெல்ட்டின் ப்ரீடென்ஷனர் வெடிக்கிறது. பெல்ட்டிலும் வெடிமருந்து இருக்கிறது என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். சிட்டிகை மருந்துதான். அது வெடித்த வேகத்தில் பெல்ட் சில அங்குலம் உள்ளே சுண்டி இழுக்கப்பட்டு, ஆளைச் சீட்டோடு அணைத்துப் பிடிக்கிறது. கூடவே ஏர்பேக்கை ஊதுகிற இன்ஃப்ளேட்டருக்கும் மின்சாரம் போகிறது. அடுத்த முப்பது மில்லி நொடியில் பை நிறைந்து நிற்கிறது. அது வெளியே வருகிற வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும். பெல்ட் பிடித்து நிறுத்தியிருக்கிற உடம்பு, நிறைந்து முடிந்த பையின் மேல் வந்து சாய வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால்? நிறைந்துகொண்டிருக்கிற பையின் மேலேயே மார்பும் முகமும் போய் மோதும். காப்பாற்ற வந்த பை அடித்துவிடும்.

1959இல் ஸ்வீடனில் வால்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் போர் விமானங்களில் விமானியைத் தூக்கி வெளியே வீசுகிற இருக்கைகளை வடிவமைத்தவர். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். வால்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை முதல் காவல் பெல்ட்தான். ஏர்பேக் அதற்கு அடுத்தது. ஆனால் நம் பட்டறைகளில் என்ன நடக்கிறது? ஏர்பேக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பெல்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதோ, என் கையில் ஒரு பெல்ட். முன்னால் மோதிய ஒரு காரிலிருந்து கழற்றியது. தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் புதுசு போலத்தான் தெரியும். அழுக்குக்கூட இல்லை. முன் வரிசையில் இருக்கிறவர்கள் எழுந்து வந்து பாருங்கள். தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வருகிற வளையம் இது. இதன் பிளாஸ்டிக் வழவழவென்று இருக்க வேண்டும். விரலை வைத்தால் சொரசொரக்கிறது, பாருங்கள். பெல்ட் இதில் இழுபட்ட சூட்டில் பிளாஸ்டிக் உருகி இழைந்துவிட்டது. பக்கிளில் செருகுகிற நாக்கைப் பாருங்கள். துளையின் ஓரத்தில் கோடு கோடாய்த் தேய்ந்திருக்கிறது. இனி பெல்ட்டை முழுதாக வெளியே இழுக்கிறேன். முழுதாக. பாதி இழுத்துவிட்டு விடுகிறவர்கள் இதைப் பார்க்கவே முடியாது. இங்கே, இந்த ஒரு சாண் நீளத்தில், ஓரம் அலை அலையாய்ச் சுருண்டிருக்கிறது. இது ஒரு ஆளின் எடை விழுந்து இழுத்த இடம்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இந்தச் சுருளுக்குள்ளே இருக்கிறது. பெல்ட் சுற்றியிருக்கிற உருளையின் நடுவில் ஒரு இரும்புத் தண்டு. டார்ஷன் பார் என்பார்கள். மார்பெலும்பு முறிகிற அளவுக்கு இழுவை ஏறும்போது இந்தத் தண்டு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு, பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். ஒருமுறை முறுக்கியது முறுக்கியதுதான். திரும்பாது. வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறது. 'பெல்ட் ஓகே சார்' என்று எழுதிவிடுகிறோம். ஓகே இல்லை நண்பர்களே. வெடித்த ப்ரீடென்ஷனர் மறுபடி வெடிக்காது. முறுக்கிய தண்டு மறுபடி விட்டுக் கொடுக்காது.

இன்னொன்று. ஏர்பேக் வெளியே வராத விபத்திலும் ப்ரீடென்ஷனர் வெடித்திருக்கலாம். சில வண்டிகளில் அதற்கு வேகத்தின் எல்லை ஏர்பேக்கைவிடக் குறைவு. 'பை வரவில்லை, ஆகவே எதுவும் ஆகவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று எந்தெந்தச் சீட்டில் ஆள் இருந்தார்கள் என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். பின் சீட்டில் பாட்டி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாரா? அந்த பெல்ட்டையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். குழந்தை இருக்கை மாட்டியிருந்தார்களா? பலத்த மோதலைத் தாங்கிய குழந்தை இருக்கையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இப்போது குறுக்கு வழிகளுக்கு வருகிறேன். மனம் கசந்துதான் வருகிறேன்.

சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும். சில நொடியில் அணையும். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட் சொல்கிற ஒரே சேதி அதுதான். வெடித்த பையை மாற்றாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க என்ன செய்கிறார்கள்? பை இருக்க வேண்டிய இடத்து வயரில் ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். சில ரூபாய்ச் சாமான். பை இருப்பதாக யூனிட் நம்பிவிடுகிறது. விளக்கு அணைகிறது. ஸ்டீயரிங்கின் நடுவில் புத்தம் புதிய மூடி, அதில் கம்பெனி முத்திரை பளபளக்கிறது. உள்ளே வெறும் பொந்து. இன்னும் சிலர் அந்த விளக்கின் வயரை வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்த விளக்கு அணையும்போது இதுவும் அணையும், வாங்க வந்தவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

விளக்கையும் ஒலியையும் ஊமையாக்கினால் போதும் என்கிற எண்ணம் வண்டி வைத்திருப்போரிடமும் இருக்கிறது. பெல்ட் போடாமலே பக்கிளில் செருகி அலாரத்தை நிறுத்துகிற கிளிப்புகளை 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து நீக்கச் சொன்னது. அப்படி நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் மட்டும் 13,118. பட்டறையில் ரெசிஸ்டர் கேட்பவரும் கடையில் கிளிப் வாங்குபவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

இடப்பக்கத்துப் பை டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு வரும். எங்கே கிழிய வேண்டும் என்று கம்பெனியில் அந்த இடத்தைப் பின்பக்கமாக மெலிதாக்கி வைத்திருப்பார்கள். புது டேஷ்போர்டு விலை அதிகம் என்று கிழிந்ததை ஃபைபர் வைத்து ஒட்டி, மேலே லெதர் போர்த்திவிடுகிறார்கள். பார்வைக்கு அழகு. அடுத்த முறை பை எந்த வழியாக வரும்? வழி கிடைக்காமல் திணறும், அல்லது ஃபைபர் துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டு முகத்தை நோக்கி வரும். பல வண்டிகளில் அந்தப் பை முன் கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கிறது. ஆகவே கண்ணாடியை எதை வைத்து ஒட்டுகிறோம், பசை காயும்வரை வண்டியை வெளியே விடாமல் இருக்கிறோமா என்பதும் ஏர்பேக் வேலையில் சேர்ந்ததுதான்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பழைய ஏர்பேக்கை. டோட்டல் லாஸ் வண்டியிலிருந்து கழற்றிய பை. வெடிக்காத பைதானே, ஒரிஜினல்தானே என்று வாங்கி மாட்டுகிறோம். ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன், கேளுங்கள்.

2017 மார்ச். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரம். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி 2002ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா அக்கார்டு ஓட்டிப் போகிறாள். சின்ன மோதல். எழுந்து நடந்து போயிருக்க வேண்டிய மோதல். பை வெடித்தது. பையோடு உலோகச் சில்லுகளும் பறந்து அவள் கழுத்தில் பாய்ந்தன. மூச்சுக்குழாய் கிழிந்தது. உயிர் பிழைத்தாள், நல்லவேளை. பிறகு ஆராய்ந்தால், அந்த வண்டி இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு விபத்தில் சிக்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று எழுதித் தள்ளிய வண்டி. யாரோ வாங்கி, பழுது பார்த்து, விற்றிருக்கிறார்கள். அவர்கள் மாட்டிய பை 2001ஆம் ஆண்டு அக்கார்டிலிருந்து கழற்றிய டகாட்டா கம்பெனிப் பை. ஆபத்தானது என்று திரும்ப அழைக்கப்பட்ட ரகம். அந்தக் குடும்பத்துக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

டகாட்டா பைகளில் இருந்த மருந்து அம்மோனியம் நைட்ரேட். வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால், ஆண்டுகள் போகப் போக அது உருக்குலையும். உருக்குலைந்த மருந்து அளவு மீறிய வேகத்தில் எரியும், உலோகக் குப்பியையே சிதறடிக்கும். இந்தியாவிலும் பல கம்பெனிகள் டகாட்டா பைகளுக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தன. வெயிலும் ஈரக்காற்றும் எங்கே அதிகம்? சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய சாமான் கடையில் கிடக்கிற பை எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை மழை பார்த்தது, திரும்ப அழைக்கப்பட்டதா என்று யார் சொல்வார்? 2024இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு எச்சரிக்கை விட்டது. விபத்துக்குப் பின் மலிவான, தரமற்ற இன்ஃப்ளேட்டர் மாற்றிய வண்டிகளில் ஒன்பதே மாதத்தில் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் வாழ்நாள் முழுதும் தொடரும் காயத்தோடு தப்பினார்கள். பிழைக்கக்கூடிய விபத்துகள்தான் அவை. பழுது பார்த்த கை தவறியதால் உயிர் போனது.

மெக்கானிக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவரை அந்த இடத்துக்குத் தள்ளுவது எது? பணம். நம் மோட்டார் பாலிசியின் வழக்கமான விதியைப் படித்திருக்கிறீர்களா? ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமான்கள், டயர், டியூப், பேட்டரி இவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதே வரியில் ஏர்பேக்கும் இருக்கிறது. டயர் தேயும், ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி வயதாகும், ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குள் அசையாமல் கிடந்து, வேண்டிய நேரத்தில் ஒருமுறை எழுந்து உயிரைக் காப்பாற்றிய பைக்கு என்ன தேய்மானம்? தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி எடுக்காதவர் பாதிப் பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அந்தப் பாதியைக் கேட்டதும்தான் 'வேற வழி இல்லையா?' என்று வண்டிக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். வேறு வழி அங்கே திறக்கிறது. இந்த ஒரு சாமானுக்கு, உயிர் காக்கிற சாமானுக்கு, தேய்மானம் கழிக்கக் கூடாது. பெல்ட்டுக்கும் கழிக்கக் கூடாது. புது பையும் புது பெல்ட்டும் மாட்டிய பிறகு சர்வேயர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் பணம் என்று வைக்க வேண்டும். இதை இந்த மேடையிலிருந்து உரக்கக் கேட்கிறேன். உங்கள் சங்கங்களும் எழுதிக் கேட்க வேண்டும்.

இனி, வேலை செய்கிற கைகளுக்குச் சில சொற்கள்.

முதலில் உங்கள் உயிர். பேட்டரியைக் கழற்றியதும் கை வைக்காதீர்கள். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பையை வெடிக்க வைக்கும் அளவுக்குக் கன்ட்ரோல் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அந்த வண்டியின் மேனுவல் சொல்கிற நிமிடங்கள் காத்திருங்கள். ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் டெஸ்ட் லேம்ப்பும் சாதாரண மல்ட்டிமீட்டரும் பக்கத்தில் வரக் கூடாது. மீட்டர் அனுப்புகிற சிறு மின்சாரமே வெடிக்க வைக்கலாம். வெடிக்காத பையைத் தூக்கும்போது முகம் உங்கள் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். மேஜையில் வைக்கும்போது முகம் மேலே பார்க்கட்டும். கவிழ்த்து வைத்த பை வெடித்தால் முழுப் பெட்டியும் கூரைக்குப் போகும். ஒரு டிங்கர், பை மாட்டியிருக்கும்போதே வெல்டிங் வைப்பதைப் பார்த்தால் ஓடிப்போய் நிறுத்துங்கள்.

அடுத்து, அளவு. கன்ட்ரோல் யூனிட்டின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அது வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடியில் துருவோ பெயிண்டோ இருக்கக் கூடாது. போல்ட்டை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். மோதலின் அதிர்ச்சி அந்தப் போல்ட் வழியாகத்தான் அதற்குத் தெரிகிறது. முன் சென்சார் உட்காருகிற தகட்டைத் தட்டி நிமிர்த்திப் புட்டி பூசியிருந்தால் சேதி தாமதமாகப் போகும். முப்பது மில்லி நொடியில் நிறைகிற பைக்குப் பத்து மில்லி நொடித் தாமதம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்குள் இருக்கிற கிளாக் ஸ்பிரிங்கை நடு மையம் பார்த்து மாட்டுங்கள். மையம் தவறினால் ஒரு முழுத் திருப்பத்தில் உள்ளே ரிப்பன் அறுந்துவிடும். ஹாரனும் போய், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் முதலில் அங்கே பாருங்கள். விபத்தைப் பதிவு செய்த கன்ட்ரோல் யூனிட்டை என்ன செய்வது என்று கம்பெனி மேனுவல் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

விபத்தில் பயந்த வண்டிக்காரர் வேலை முடிந்ததும் 'முன்னாடி ஒரு கம்பி கார்டு போட்டுருங்க' என்பார். மறுத்துவிடுங்கள். சென்சாரின் கணக்கு அந்தக் கம்பியை அறியாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களே, உங்களுக்கு. ஆர்சியில் ஏர்பேக்கைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆகவே சாவியைப் போட்டு விளக்கைப் பாருங்கள். எரிய வேண்டும், பிறகு வேறொரு விளக்கோடு சேராமல் தனியாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லா பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். இழுத்த பெல்ட்டின் அடியில் தைத்திருக்கிற லேபிளில் தயாரித்த ஆண்டு இருந்தால் வண்டியின் ஆண்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். லேபிளின் ஆண்டு வண்டியின் ஆண்டுக்கு வெகுகாலம் முந்தியதாக இருந்தால் அது வேறு வண்டியின் பெல்ட். ஸ்டீயரிங் மூடியின் நிறமும் டேஷ்போர்டின் நிறமும் ஒரே மாதிரி மங்கியிருக்கின்றனவா? விபத்து வேலை நடந்ததென்றால் பார்ட் நம்பர் போட்ட பில் கேளுங்கள். ஸ்கேனர் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றியிருந்தால் ஸ்கேனரும் ஏமாறக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகிற கூலியைப் பார்த்துத் தயங்காதீர்கள். வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கழற்றிய பழைய பையையும் பழைய பெல்ட்டையும் காட்டுங்கள். நேர்மையாக வேலை பார்த்தவர் எடுத்து முன்னால் வைப்பார்.

பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். வெளியே முற்றத்தில் நம் பயிற்சி மாணவர்கள் ஸ்கேனரோடு நிற்கிறார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் வாருங்கள். பெல்ட்டை எப்படி இழுத்துப் பார்ப்பது என்று உங்கள் வண்டியிலேயே காட்டுகிறேன். பட்டறைத் தோழர்கள் இந்த மேஜைக்கு வாருங்கள். இந்தப் பெல்ட்டின் சுருளைப் பிரித்து, முறுக்கிய தண்டை உங்கள் கையிலேயே தருகிறேன்.